அதிகாரிக்குப் போட்ட மாலை

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் தங்கை லீலாவின் பிரசவத்துக்குத் துணையாக மூன்று நாள் இருந்துவிட்டு, கண்மணி ஜூரோங்குக்கு பஸ் ஏறியபோது அவள் மனத்தில் குழந்தை இல்லை, தண்ணீர் மோட்டார்தான் இருந்தது. பாவம், பிள்ளை கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு மாதமாக மோட்டாரையே நினைத்துக்கொண்டிருப்பவளிடம் போய் என்ன சொல்வது?

அவளுடைய தோட்டம் ஒரு மேட்டுச் சரிவில் இருந்தது. கீரை, வெண்டை, நாலு வாழை. கிணறோ அடிவாரத்தில். தோளில் கம்பைப் போட்டு, இரண்டு முனையிலும் தகர டின்னைத் தொங்கவிட்டுக்கொண்டு, காலையில் முப்பது நடை, மாலையில் முப்பது நடை. வலது தோள் காய்த்துப்போய்விட்டது. சரி, மழை பெய்தாலாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. உரம் போட்ட மண்ணெல்லாம் செக்கச்செவேலென்று சரிவில் வழிந்து ஓடிவிடும்.

அறுபத்து மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் விவசாய இலாகாவிலிருந்து பெர்னார்ட் என்ற அதிகாரி வந்தார். மண் அரிப்பைத் தடுக்க அரசாங்கம் இலவசமாகப் புல் நாற்று கொடுக்கும், சரிவுக்குக் குறுக்கே ஐந்து வரிசை நட வேண்டும். எட்டு மாதம் கழித்து வந்து பார்க்கும்போது ஐந்து வரிசையும் வேர் பிடித்து நின்றால் மோட்டாரும் குழாயும் அரசாங்கச் செலவு.

"மாட்டுக்குப் போடாதீங்க, அறுக்காதீங்க. அவ்வளவுதான் லா" என்றார்.

தோண்டாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

கண்மணி அந்தப் புல்லைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். பக்கத்து வீட்டு ஆடு எட்டிப் பார்த்தாலே கல் பறக்கும். அவள் புருஷன் வேலாயுதத்துக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அவர் சிராங்கூன் ரோட்டில் பூக்கடையில் மாலை கட்டுபவர். விடிவதற்கு முன் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். தங்கமான மனுஷன், ஆனால் கை மட்டும் சும்மா இருக்காது. அதிகாரி வரும் நாளில் வீட்டில் ஆள் வேண்டுமே என்று இரண்டு நாள் லீவு போட்டிருந்தார்.

கண்மணி வந்து சேர்வதற்கு முன்பே அதிகாரி வந்துவிட்டார். ரம்புத்தான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இடுப்பு வரை தொங்கும் பெரிய மாலை. நடுநடுவே மல்லிகை, மற்றதெல்லாம் பழுப்பு நிற வேர்.

"வாங்க அக்கா! இது என்ன வாசனை, ஆளையே தூக்குது!"

வாசனை கண்மணிக்கும் எட்டியது. எட்டியதும் பக்கத்தில் நின்ற புருஷனிடம் திரும்பினாள்.

"ஏங்க, இந்த வேரைத் தேக்கா மார்க்கெட்டுலயா வாங்கினீங்க?"

"தேக்காவுல இப்படிக் கிடைக்குமா?" வேலாயுதத்துக்கு முகமெல்லாம் பெருமை. "எல்லாம் நம்ம மேட்டுல உள்ளதுதான்! முந்தாநாள் மண்வெட்டி பட்டு ஒரு தூரு பேந்துச்சு பாரு, கமகமன்னு வருது. வெட்டிவேரு! எட்டு மாசமா புல்லு புல்லுன்னு சொல்லிக்கிட்டிருந்தியே!"

"எத்தனை தூரு தோண்டினீங்க?"

"ஒரே ஒரு வரிசைதான். வர்றது அதிகாரி, கழுத்துக்குச் சின்னதாவா போட முடியும்?"

கண்மணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அடப்பாவி மனுஷா! எதைப் பார்க்க வர்றாரோ அதையே புடுங்கி அவரு கழுத்துல போட்டிருக்கீங்களே! அந்தப் புல்லு நின்னாத்தானே மோட்டாரு!"

வேலாயுதத்தின் முகம் செத்துப்போயிற்று. பெர்னார்ட் எழுந்து போய்ச் சரிவைப் பார்த்தார். நாலு வரிசை பச்சைப்பசேலென்று நின்றது. உச்சியில் ஐந்தாவது இருந்த இடத்தில் வெறும் செம்மண். அவருக்கும் சங்கடம்தான்.

"அக்கா, ஃபாரத்துல அஞ்சு வரிசைன்னு போட்டிருக்கு. நாலுன்னு எழுதினா ஆபீஸ்ல தள்ளிடுவாங்க."

கண்மணி மூக்கைச் சிந்தினாள். எட்டு மாதத்தை அவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறவள் அல்ல.

"ஃபாரத்துல வேற என்ன கேட்டிருக்கு சார்?"

"வேர் எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு."

"அதை எப்படிப் பார்ப்பீங்க?"

"தோண்டி எடுத்து அளப்போம். அப்புறம் திரும்ப நட்டுடணும்."

"தோண்டியாச்சு சார். கழுத்துலதான் போட்டிருக்கீங்க. அளங்க."

பெர்னார்ட் மாலையைக் குனிந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பையிலிருந்து நாடாவை எடுத்து, மாலையில் ஒரு வேரைப் பிரித்து அளந்தார். இரண்டடிக்கு மேல்.

"இத்தனை தோட்டம் பார்த்துட்டேன் அக்கா. பாதி இடத்துல நான் வர்றேன்னு தெரிஞ்சு நட்ட புல்லு, இழுத்தா கையோட வருது. இந்த மாதிரி வேரை நான் பார்த்ததே இல்ல. ஆனா திரும்ப நடணுமே. அண்ணே, தூரையெல்லாம் எறிஞ்சுட்டீங்களா?"

"எறியறதா?" வேலாயுதம் தலையைத் தூக்கினார். "பச்சையா உள்ளதை வெயில்ல போட எனக்கு மனசு வருமா? ஈரச் சாக்குல சுத்தி வச்சிருக்கேன்."

பூக்கட்டுகிற புத்தி! அதுதான் கெடுத்தது, அதுதான் காப்பாற்றவும் செய்தது. கண்மணிக்கு அவரை அடிப்பதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

"அப்ப இப்பவே நடுங்க. அஞ்சாவது வரிசை நின்னதும் நான் கையெழுத்துப் போடறேன்" என்று பெர்னார்ட் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மாலையைக் கழற்றவில்லை.

கண்மணி குழி பறித்தாள். தூர்கள் இறங்கின. நட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டுமே? அவள் கம்பையும் இரண்டு டின்னையும் கொண்டுவந்து புருஷன் முன்னால் வைத்தாள்.

முதல் நடை வேலாயுதம் மிடுக்காகப் போய் வந்தார். இரண்டாவதில் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திற்று. ஐந்தாவது நடையில் மேட்டுப் பாதியில் டின்னை இறக்கிவிட்டு, வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து கண்மணியைப் பார்த்தார். அவள் தோளைப் பார்த்தார்.

"தினமும் எத்தனை நடை, கண்மணி?"

"அறுபது."

அவர் டின்னைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். புல்லுக்கு ஊற்றினார். பிறகு நேரே ரம்புத்தான் மரத்தடிக்குப் போய்க் கைகூப்பி நின்றார்.

"சார், அந்த மோட்டாரு என்னைக்கு வரும்?"