விளிம்பு பெயர்ந்த கைடு

டால்டன் நகரில் கம்பள நூல் சுற்றும் ஆலை அது. ஜனவரிக் குளிரில் வெர்லீன் ஹல்சியின் விரல்நுனிகள் வெடித்திருந்தன. அவள் பார்க்கும் மெஷினில் நூல் சுற்றி வரும் கோன்களில் பிசிறு எழுந்துகொண்டே இருந்தது. சூப்பர்வைசர் கோய் ஒரு கோனைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்கே வந்துவிட்டான்.

“இது நூலா, பூனை வாலா? அக்கா, கையைக் காட்டுங்க.”

காட்டினாள்.

“உப்புத்தாள் தோத்துடும் போங்க. இந்தக் கையால நைலானைத் தொட்டா பிசிறாம என்ன செய்யும்? வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா பேக்கிங்குக்குப் போயிடுங்க.”

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். வேலை தெரியாதவர்களைத்தான் பேக்கிங்கில் போடுவார்கள். மறுநாளிலிருந்து அவள் கையுறை போட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

ஆலைக்குள் கைக்கு லோஷன் தடவக் கூடாது. அது பட்ட நூலில் சாயம் பிடிக்காது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே வெர்லீன்தான். ஆனாலும் கழிப்பறையில் ஒளிந்து தடவினாள். துடைத்துவிட்டால் தெரியாது என்று நினைத்தாள்.

பிசிறு குறையவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஃபிட்டர் ஹாலிஸ் டீம்ஸ், கைடுகளைப் பார்க்க ஒரு நைலான் காலுறையோடு வந்தான். நூல் கோனுக்குப் போகும் வழியில் நுழைந்து வரும் பீங்கான் வளையம்தான் கைடு.

“வீட்டுக்காரி குளிர்ல நடுங்கறாளாமே, கொண்டுபோய்க் குடு,” என்றான் கோய்.

ஹாலிஸ் காலுறையை ஒரு வளையத்துக்குள் விட்டு இழுத்தான். அது மாட்டிக் கிழிந்தது. அடுத்ததிலும் கிழிந்தது. விளிம்புகள் பெயர்ந்திருந்தன, கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

“நான் பண்ணினதுதான்,” என்றான் ஹாலிஸ். “வளையத்துல படிஞ்ச பிசுக்கை வெந்நீர்ல ஊறவச்சு எடுக்கணும். கழட்டினா மெஷின் நிக்கும், நீ கத்துவ. அப்படியே ஸ்க்ரூடிரைவரால நெம்பிட்டேன்.”

கோய் தொப்பியைக் கழற்றினான். “அக்கா, தப்பாப் பேசிட்டேன். உங்க கையில ஒண்ணுமில்ல.”

வெர்லீன் தலையாட்டினாள். அப்போதுதான் சாயப்பட்டறையிலிருந்து ஒருவன் கம்பளத் துண்டோடு வந்தான். பச்சை நிறத்தின் நடுவே வெளிறிய புள்ளிகள். பின்பக்கச் சீட்டில் அவள் மெஷின் எண் இருந்தது.

“எண்ணெய்,” என்றான் கோய். “டேய் ஹாலிஸ், கைடை எதைப் போட்டுத் துடைச்ச?”

“எண்ணெயெல்லாம் நான் போடல.”

“ஒண்ணை ஒத்துக்கிட்ட இல்ல, இதையும் ஒத்துக்க. வேலையாவது மிஞ்சும்.”

ஹாலிஸ் தரையைப் பார்த்தான். சற்றுமுன் தன் தப்பைச் சொன்னவனுக்கு, இப்போது மறுக்கத் தெம்பில்லை. தான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று வெர்லீனுக்குத் தெரிந்தது. அவளிடம்தான் மன்னிப்பே கேட்டாகிவிட்டதே.

பையிலிருந்த லோஷன் குழாயை எடுத்து மெஷின்மேல் வைத்தாள்.

“அவன் இல்ல. நான்.”

“நீங்களா? எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறதே நீங்கதானே?”

“ஆமா.”

கோய் தொப்பியை மாட்டிக்கொண்டு பேக்கிங் பக்கம் கையை நீட்டினான். அவள் மெஷின் வரிசை நெடுக நடந்தாள். அவள் நெருங்க நெருங்க, ஒவ்வொருவரும் தங்கள் கோனில் எதையோ சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள்.