சிவப்புப் பெஞ்சில் சிரித்தவள்

அருங்காட்சியகக் கூடத்தில் விளக்கை அணைத்ததும் சுவர் முழுக்க ஒரு புகைப்படம் எழுந்து நின்றது. நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் காளியாத்தாளுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரு டீக்கடை வாசல், சிவப்புப் பெஞ்சு, அதில் நெருக்கியடித்துக்கொண்டு பல பனியன் கம்பெனி ஆட்கள். கட்டிங் மாஸ்டர் கன்னையன் டீயை ஆற்றுகிறார். நடுவில் அவள், யானை உயரத்துக்கு, வாய்விட்டுச் சிரித்தபடி!

படம் எடுத்த மைதிலி மைக்கைப் பிடித்தாள். "இவங்கெல்லாம் ஒரு நாளும் ஒண்ணா உக்காரலைங்க. பெஞ்ச டெம்போவுல ஏத்திட்டுக் கம்பெனி கம்பெனியாப் போயி, ஒவ்வொருத்தரையும் தனியா எடுத்தேன். கம்ப்யூட்டர்லதான் சேத்து உக்கார வெச்சேன். யாரு யாரப் பாக்கறாங்கங்கறதுலதானுங்க கதையே இருக்குது."

கூடமே வாய் பிளந்தது.

"ஏனுங்க, அத்தனையும் பண்ணுனீங்க, என்ற தொப்பையக் கொஞ்சம் கொறச்சிருக்கலாமுங்கள்ல?" என்றார் அவள் வரிசையிலேயே உட்கார்ந்திருந்த கன்னையன். கொல்லென்று சிரிப்பு.

காளியாத்தாள் சிரிக்கவில்லை. படத்தில் தன் தோளை உரசி உட்கார்ந்திருந்தவளை அப்போதுதான் பார்த்தாள். கூடப் பிறந்த தங்கச்சி அன்புசெல்வி. நல்லூரில் தையல் வேலை. காளியாத்தாளின் வீட்டுக்காரர் இறந்த அன்று, ஷிப்மெண்ட் அனுப்பும் அவசரம் என்று எழவுக்கே வராதவள். அன்றோடு பேச்சு நின்றது.

எழுந்துவிட்டாள். "கண்ணு, நான் இவ பக்கத்துல உக்காரவே இல்லியே! ஊரே பாக்கற படத்துல பொய்யி எதுக்கு? எடுத்துப்போடு."

மைதிலிக்கு முகம் வெளுத்தது. "தெரியாமப் பண்ணிட்டனுங்கக்கா. நீங்க வேண்டாம்னா இந்தப் படமே இங்க இருக்காதுங்க."

கம்ப்யூட்டரில் விரலை வைத்தாள். அன்புசெல்வி சத்தமில்லாமல் மறைந்தாள். அவள் இருந்த இடத்தில் சிவப்புப் பலகை மட்டும் தெரிந்தது. இல்லாத ஆளைப் பார்த்துக் காளியாத்தாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. படம் எடுத்த அன்று, "பிடிச்சவங்க பக்கத்துல இருக்கறாப்புல நெனச்சுக்குங்கக்கா" என்றிருந்தாள் மைதிலி. வீட்டுக்காரரை நினைத்தால் அழுகை வந்தது. அதனால் தங்கச்சியை நினைத்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பனியனோடு தன் தாவணியையும் சேர்த்துத் தைத்துவிட்டுத் திருதிருவென்று முழித்தாளே, அந்த அன்புசெல்வியை. நினைத்ததும் சிரிப்பு பீறிட்டது. யாரிடமும் அதைச் சொன்னதில்லை. இந்தப் பெண் பார்வை போன திசையை மட்டும் பார்த்து, ஒன்றும் தெரியாமலே, இம்மி பிசகாமல் அவளையே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாளே!

"திருப்பி வையி, கண்ணு."

"அக்கா?"

"அவளக் கொண்டாந்து வையிங்கறேன். பைத்தியக்காரியாட்டம் பலகையப் பாத்துச் சிரிச்சுட்டு இருக்கறனே, நல்லாவா இருக்குது?"

சுவரில் அன்புசெல்வி மறுபடி வந்து உட்கார்ந்தாள். பின்வரிசையில் யாரோ விசும்பும் சத்தம். காளியாத்தாள் திரும்பினாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றவள் அன்புசெல்வியேதான்.

"அன்னிக்குக் கம்பெனி கேட்டத் தொறந்து என்னைய வெளிய உடவே இல்லக்கா. கத்திக் கத்திப் பாத்தேன்..."

"அதெல்லாம் ஊட்டுக்கு வந்து சொல்லு. இப்ப இங்க வா."

கன்னையன் காலை மடக்கி வழிவிட்டார். அன்புசெல்வி தடுமாறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காளியாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏம்புள்ள, கையென்ன இப்பிடிக் குச்சியாட்டம் ஆயிருச்சு?"