ஏழாம் தொட்டியின் சேற்று நிறம்

சான் வீட்டு ஏழாம் இறால் தொட்டியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தது மழை தொடங்கிய வாரத்தில், மதியச் சாப்பாட்டு வேளையில். தைவானின் தெற்கே எங்கள் பிங்டுங் சந்தையில் அன்று வெங்காயத்தாள் விலை தாறுமாறாக ஏறியிருந்ததால் எங்கள் தெரு முதலில் அதைத்தான் பேசியது. குள்ளமான உருவம், வெறுங்கால், பாக்கு மென்று சிவந்த பல், சேற்று நிறம். அவள் நின்ற இடமெல்லாம் ஈரம்.

பழி மருமகள் பிக்-ஹுன் மேல் விழுந்தது. அழகுக்காகத் தொட்டியில் வளர்த்து விற்கிற குட்டி இறாலில், சான் வீட்டில் பத்தொன்பது வருடமாக நீலம் மட்டும்தான். அவள் பிறந்த வீட்டில் சிவப்பு. கல்யாணத்துக்கு ஒரு பை நிறையச் சிவப்பு இறாலோடு வந்தவள், மூன்றாம் மாதம் அவற்றை நீலத்தோடு ஏழாம் தொட்டியில் விட்டாள்.

"ஊதா வரும், பாருங்க அத்தை."

"வரும் வரும்!" என்றாள் மாமியார் சியூ-கிம். "நல்ல நிறம் ரெண்டைக் கலந்தா, ஓடையில கிடந்த முப்பாட்டி மூஞ்சிதான் திரும்பி வரும். இதுகூடத் தெரியாமத்தான் உங்கப்பா இறால் வளக்குறாரா?"

ஒரு மாதத்தில் வந்த குஞ்சுகள் அத்தனையும் சேற்று நிறம். நிறம் கெட்டதை வலையால் அள்ளிக் கெளுத்திக்குப் போடுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். சியூ-கிம்மும் போட்டாள். முதல் வலைக்கு வீட்டுத் தரையில் ஈரக் காலடிகள் வந்தன. இரண்டாம் வலைக்குச் சமையலறையில் ஓடை வாசம். மூன்றாம் வலைக்கு அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். யாருக்கும் புரியாத மொழியில் அவள் ஏதோ கேட்க, பிக்-ஹுன்னின் கணவன் பூன்-சோங் சோற்றை மென்றுகொண்டே அதே மொழியில் பதில் சொன்னான். சொன்னது அவனுக்கே தெரியவில்லை. அதைக் கேட்ட பிக்-ஹுன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அப்போது அவளுக்கு மூன்று மாதம்.

"உன் வயித்துல இருக்கிறது இவ மூஞ்சியோட வந்துதுன்னா, பிள்ளையும் நீயும் உங்கப்பன் வீட்டுக்கு நடையைக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டாள் சியூ-கிம். அன்று முதல் பிக்-ஹுன் வலையைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றை மூடிக்கொண்டாள்.

வந்தவளை விரட்டித் தரும்படி சியூ-கிம், முன்னோர் பெயர்களை எழுதிப் பூசையில் வைத்த பலகையின் முன்னே, குறி கேட்கும் பிறைக்கட்டைகளை உருட்டினாள். மூன்று முறையும் மாட்டேன் என்றே விழுந்தன. காரணம் அவளுக்குத் தெரியும். பலகைக்குள் ஐந்தாம் தலைமுறைப் பாட்டனின் மனைவி பெயருக்கு மேல் 'பான்' என்று குடும்பப்பெயர் இருந்தது. சீனர்கள் வருவதற்கு முன்பிருந்தே இந்தச் சமவெளியில் வாழ்ந்தவர்களுக்கு வைத்த பெயர் அது. சம்பந்தி வீட்டார் பெண் தரத் தயங்குவார்களோ என்று பயந்து, நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் அதையும் பெயரையும் பிளேடால் சுரண்டி எடுத்தவள் சியூ-கிம்தான். இறாலில் நிறம் கெட்டதைக் கழிக்கிற கை, பலகையிலும் கழித்துவிட்டது.

குழந்தை பிறந்தது. பெண். தொட்டியிலிருந்து வந்தவளின் அதே முகம், அச்சு மாறவில்லை. சியூ-கிம் வலையோடு வந்து தொட்டில் பக்கம் நின்றாள். அவள் எதற்கு வலையை எடுத்து வந்தாள் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. குழந்தை வலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"விடுடி, சின்னவளே," என்றாள் சியூ-கிம். பிறகு, "நான்தான் சுரண்டினேன்" என்று சொல்லி அழுதாள். பிக்-ஹுன் அவள் கையிலிருந்து வலையை வாங்கிக்கொண்டாள்.

பெயரைத் திரும்ப எழுத வேண்டுமென்றால் அது என்னவென்று சுரண்டியவள் உட்பட யாருக்கும் நினைவில்லை. நான்காம் நாள் காலையில் குழந்தை அதைத் தெளிவாகச் சொன்னது. பூன்-சோங் மை தொட்டுப் பலகையில் எழுதினான்.

இப்போது ஏழாம் தொட்டிக்குள் வலை போவதில்லை. சான் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் கூடுதலாக வைக்கிறார்கள், அதன் பக்கத்தில் பாக்கும். நாற்காலி ஈரமாக இருந்தால் சியூ-கிம் துடைப்பதில்லை, அடுத்ததில் உட்கார்ந்துகொள்கிறாள்.