மாதிரிக் கோப்பில் ஒரு வரி

பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டார்கள். ஹனோயில் மதியத் தூக்கத்தை எந்த அலுவலகமும் தடுப்பதில்லை. மேசைகளுக்கு நடுவே பாய் விரித்துப் பதினோரு பேர் படுத்திருந்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. படிப்பைப் பாதியில் விட்டு மூன்று வருடம் வேறோர் இடத்தில் இரவுப் பணி பார்த்ததில் தூக்கம் முறை கெட்டுப்போனது.

நாங்கள் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதுவது மெயில் சர்வர், மின்மடல்களை வாங்கி அனுப்பும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தமும் அனுப்பலாம். ஆனால் மூலக் கோப்புகளில் நேரடியாகக் கைவைக்கும் உரிமை சிலருக்கே. அதை எனக்குத் தரலாமா என்று மூன்று நாளாக வாக்கெடுப்பு. மாலை ஐந்துக்கு முடியும். ஒருவர் மறுத்தாலும் போயிற்று.

அன்று காலை குழுவின் பொது மடலில் ஒரு புகார் வந்தது. எங்கள் மாதிரி அமைப்புக் கோப்பை அப்படியே போட்ட ஒரு பள்ளியின் சர்வர் வழியாக, எவனோ நாற்பதாயிரம் குப்பை மடல்களை அனுப்பியிருந்தான். இப்போது அந்தப் பள்ளியின் மடலை எந்தச் சர்வரும் வாங்குவதில்லை. காரணம் ஒரே வரி: எந்த முகவரியிலிருந்து வந்தாலும் கடவுச்சொல் கேட்காமல் அனுப்பு. என் கணினியில் சோதித்துப் பார்க்க நான் போட்ட வரி. எடுக்க மறந்து திருத்தத்தோடு அனுப்பிவிட்டேன். எனக்கு உரிமை இல்லாததால், அதை எனக்காக மூலக் கோப்பில் சேர்த்தவள் எங்கள் அலுவலகத்துக் குயென் அக்கா. பதிவில் அவள் பெயர். எல்லோரும் அவளைத்தான் திட்டினார்கள். தவறு தன்னுடையது என்று அவள் ஒரு வரி பதில் போட்டிருந்தாள்.

அவள் பாயருகே குந்தினேன்.

“அக்கா, நான்தான் போட்டேன்னு சொல்லிடறேன்.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “அஞ்சு மணிக்கு மேல சொல்லு. எட்டு வருஷமா திட்டு வாங்கறேன், தோல் தடிச்சுப் போச்சு. தூங்க விடு.”

உரிமையை வாங்கிக்கொண்டு அப்புறம் சொல்வதில் எனக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அதனால்தான் உறுத்தியது. வரி என்னுடையது, குயெனுடையது அல்ல என்று எழுதி, அதை நீக்கும் திருத்தத்தையும் இணைத்துப் பொது மடலுக்கு அனுப்பினேன்.

ஒன்றரைக்கு விளக்கு எரிந்தது. பாய்களைச் சுருட்டினார்கள். இரண்டு மணிக்குள் ஜெர்மனியிலிருந்து குழுவில் ஒருவர் நேர்மைக்கு நன்றி சொல்லி, தன் ஆதரவு வாக்கை மறுப்பாக மாற்றினார். ஆறு மாதம் போகட்டும் என்றார்.

அக்கா படித்தாள். “மடையா, நாலு மணி நேரம் பொறுக்க முடியலையா?”

முடியவில்லை என்றேன்.

அவள் என் திருத்தத்தைத் திறந்து, இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு கேட்டாள்: “இது சரியா வேலை செய்யுதான்னு பார்க்கிற டெஸ்ட் கோட் எங்கடா?”

எழுதியிருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்தேன்.