நாலு டம்ளர்

"ஒரு லிட்டர்னா எம்புட்டும்மா?" என்று பாக்கெட்டில் இருந்ததைப் படித்துவிட்டு மகள் கேட்டபோது மாரிக்கனியின் கை நின்றது. வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த கைக்குழந்தைக்காக, உப்புக்கரைசல் பாக்கெட்டை அப்படியே ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டப் போயிருந்தாள். கரைசல் கெட்டியானால் பிள்ளைக்கே ஆபத்து.

தேவதானத்து நர்ஸ் அன்னாளுக்குப் போன் போட்டு, ஒரு லிட்டருக்கு எத்தனை டம்ளர் என்று கேட்டாள்.

"உங்க டம்ளரைப் பாக்காம எப்படிக்கா சொல்றது? செத்த பொறுங்க, வாரேன்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஸ்கூட்டரில் வந்த அன்னாள், லிட்டர் பாட்டிலில் ஆறிய தண்ணீரை நிரப்பி டம்ளரில் அளந்தார். "எல்லா வீட்லயும் அஞ்சு வரும், உங்களுக்கு நாலுதான். இம்புட்டுப் பெரிய டம்ளர்லயா காப்பி குடிக்கீக?"

சிரிப்போடு சொல்லித்தந்த அந்த மனசு யாருக்கு வரும்!

பிள்ளை தேறியது. பிறகொரு நாள், ராஜபாளையம் கடைத்தெருவில் அன்னாளின் ஸ்கூட்டர் மழையில் நனைந்து நின்றது. மழை விட்டிருந்தது; சுற்றிலும் ஆளில்லை. மாரிக்கனி முந்தானையால் சீட்டைத் துடைத்துவிட்டு, தன் வழியே நடந்தாள்.