கிளாரினெட்டில் ஒரு கோளாறு

சிவசங்கரன் கிளாரினெட் ஊதத் தொடங்கிய ஆறாவது வாரம், கட்டடத்து வாட்ச்மேன் ஒரு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறி வந்தான். கீழ் வீட்டில் புகார் கொடுத்திருக்கிறார்களாம். பாத்ரூம் குழாய் ஏதோ ராத்திரி பகல் பாராமல் அழுகிறதாம்.

கதவைத் திறந்த பிரபாவதி ஹாலைக் கை காட்டினாள். "குழாய் அங்க உக்காந்திருக்கு. முடிஞ்சா ரிப்பேர் பண்ணிட்டுப் போங்க."

அந்தக் கிளாரினெட் மகள் ஷ்ருதிக்கு வாங்கியது. குவைத்தின் ஃபஹாஹீலில் அவள் படிக்கும் பள்ளியில் பேண்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் போனாள், பிறகு "போர்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டாள். வாங்கின பொருள் சும்மா கிடந்தால் சிவசங்கரனுக்குச் சோறு இறங்காது. முன்பு வாங்கிய டிரெட்மில்லில் துணி காய்வதைப் பார்த்தாலே அவருக்கு பி.பி. ஏறும். இதையாவது விடக்கூடாது என்று தானே எடுத்து ஊத ஆரம்பித்தார். ஆரம்பித்த வேகத்தில் தமிழ்ச் சங்கச் செயலாளரிடம், பொங்கல் விழாவில் ஐந்து நிமிடம் வாசிப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

சத்தம்தான் வரவில்லை. வந்ததில் பாதி காற்று. மீதி, கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை.

சிவசங்கரன் ஓர் எண்ணெய்க் கிடங்கில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கோளாறு என்றால் அதற்குக் காரணம் உண்டு, காரணம் என்றால் அதற்குப் பட்டியல் உண்டு என்று நம்புகிறவர். முதலில் ரீடைச் சந்தேகப்பட்டார். வாயில் வைத்து ஊதும் அந்த மெல்லிய நாணல் பட்டையை மெலிசு, தடிசு, நடுத்தரம் என்று ஆறு விதமாக மாற்றிப் பார்த்தார். பூனை அகலவில்லை. வாய்ப்பகுதியை மாற்றினார், இப்போது வீட்டில் மூன்று வாய்ப்பகுதிகள். ஏசி காற்றில் மரம் காய்ந்திருக்கும் என்று பெட்டிக்குள் ஆரஞ்சுத் தோல் போட்டார். கிளாரினெட் கமகமத்தது, அவ்வளவுதான்.

துளைகளை மூடும் பஞ்சு மூடிகளில் காற்று கசிகிறதா என்று பார்க்க சிகரெட் சுற்றும் தாளை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்தார். பக்காலா மளிகைக் கடையில் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். சட்டைப் பையில் அதைக் கண்டெடுத்த பிரபாவதி நடத்திய விசாரணை ஒரு மணி நேரம் நீடித்தது. கசிவு எங்கும் இல்லை என்று தெரிந்தபோது அவருக்குச் சந்தோஷத்துக்குப் பதில் எரிச்சல் வந்தது.

"அப்பா, ப்ளீஸ், எனக்கு மண்டே எக்ஸாம்" என்று அறைக்குள்ளிருந்து ஷ்ருதி கத்தினாள்.

"ரூட் காஸ் கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

"ரூட் காஸ் யாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்பா."

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் கார்மேகம் வந்தான். முப்பத்திரண்டு வயது, சிவகங்கைப் பக்கத்துக்காரன், கிடங்கில் பம்ப் ஆபரேட்டர். போன மாதம் ஏழாம் நம்பர் பம்ப்பின் சீல் கிழிந்து எண்ணெய் கொட்டியது. எண்ணெய் உள்ளே வரும் வால்வைப் பாதி மூடிவைத்து ஓட்டியிருக்கிறான் என்று சிவசங்கரன் அறிக்கை எழுதினார். அதன் பேரில் கார்மேகத்துக்கு வார்னிங் லெட்டர் வந்தது. தப்பு என்னுடையதுதான் என்று அவன் ஒப்புக்கொண்டு, இன்ஜினியரும் கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினால்தான் அடுத்த வாரம் லீவில் ஊருக்குப் போகமுடியும். தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான்.

பிரபாவதி டீ கொடுத்து உட்காரவைத்தாள். சிவசங்கரன், இந்த ஒரு வரியை முடித்துவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு ஊதிக்கொண்டிருந்தார். கார்மேகம் டீயைக் குடிக்காமல் முகத்தைச் சுளித்தான், பிறகு குனிந்துகொண்டான், கடைசியில் பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்தான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் கொஞ்சம் ஊதிப் பாக்கட்டுமா?"

"உனக்குத் தெரியுமா?"

"இங்க வர்றதுக்கு முன்னாடி நாலு வருஷம் கல்யாண பேண்ட் செட்டுல இதான் சார் வேலை."

கழுவி வைத்திருந்த இன்னொரு வாய்ப்பகுதியைப் பிரபாவதியே ஓடிப்போய் எடுத்துவந்தாள். கார்மேகம் அதைப் பொருத்தி, உதட்டை ஒருமுறை நனைத்துக்கொண்டு ஊதினான். ஹால் நிறைந்தது. தேன் மாதிரி கனத்த சத்தம், கீழே இறங்க இறங்க இன்னும் கனத்தது. ஷ்ருதி புத்தகத்தோடு அறையைவிட்டு வெளியே வந்து நின்றாள். அதே கிளாரினெட். அவர் ஏற்கெனவே மாற்றிப் பார்த்த அதே வாய்ப்பகுதி, ரீட்.

சிவசங்கரனுக்கு முகம் சுருங்கிப்போனது. "அப்போ ப்ராப்ளம் எங்கதான்யா இருக்கு?"

கார்மேகம் கிளாரினெட்டை வைத்துவிட்டு லெட்டரை எடுத்துப் பார்த்தான். அவரைப் பார்த்தான். "நீங்களே இதுல எழுதியிருக்கீங்களே சார். ஆபரேட்டர் எரர்."

பிரபாவதி சிரித்த சிரிப்பில் டீத்தட்டு ஆடியது. "சார், வாய் தவறிருச்சு சார்" என்று கார்மேகம் எழுந்து நின்றான். சிவசங்கரனுக்குக் காது மடல் கொதித்தது. போ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

"உக்காரு. என்ன எரர்னு சொல்லு."

"ரீடைக் கடிக்கிறீங்க சார். அது முறுக்கு இல்ல. கீழ் உதட்டைப் பல்லு மேல மடிச்சு மெத்தை மாதிரி வச்சு, அதுல உக்கார வைங்க. வாய்ல இன்னும் கொஞ்சம் உள்ள விடுங்க. கன்னத்தை உப்பக்கூடாது. அப்புறம், பக்கத்து வீட்டுக்குப் பயந்து பயந்து மூச்சைப் புடிச்சுக்கிட்டு ஊதுறீங்க. காத்து பத்தாட்டி அது அழத்தான் செய்யும்."

பத்துத் தடவை பூனை வந்தது. பதினோராம் தடவை, நாலைந்து நொடி, ஒரு நிஜமான சுரம் வந்து நின்றது. சிவசங்கரன் பயந்துபோய் நிறுத்திவிட்டார். "இது நானா?" என்று கேட்டார். ஷ்ருதி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

பேனாவை எடுத்தவர், மூடியைக் கழற்றாமலே கேட்டார். "அந்த பம்ப்ல என்னதான் நடந்துச்சு?"

"வால்வு முழுசாத் தொறந்துதான் சார் இருந்துச்சு. மூணு நாளா சத்தம் மாறிக்கிட்டே வந்துச்சு. உள்ள கூழாங்கல் உருள்ற மாதிரி. மூணு நாளும் லாக் புக்ல எழுதினேன். யாரும் பாக்கல."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"யாரு சார் கேட்டாங்க?"

சிவசங்கரன் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்குப் போனதும் லாக் புக்கைப் புரட்டினார். கோணல்மாணலான ஆங்கிலத்தில் மூன்று நாளும் எழுதியிருந்தது. பக்கத்தின் அடியில் பார்த்ததற்கான கையெழுத்தும் இருந்தது. அவருடையது, படிக்காமல் போட்டது. புது சீல் போட்ட ஏழாம் நம்பர் அன்றைக்கும் கரகரத்துக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தி, உள்ளே வரும் குழாயின் சல்லடையைக் கழற்றச் சொன்னார். ஒரு ஜோடி வேலைக் கையுறையும், நைந்துபோன துணி உருண்டையும் வந்தன. பம்ப்புக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்ததே ஆச்சரியம்.

அறிக்கையைத் திருத்தி எழுதுவது கிளாரினெட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. நாலு முறை அடித்து எழுதினார். கடைசியில், சல்லடை அடைப்பு, ஆபரேட்டர் முன்கூட்டியே தெரிவித்தும் மெயின்டனன்ஸ் கவனிக்கவில்லை என்று எழுதித் தன் பெயரையும் போட்டார்.

மேனேஜர் சுரேஷ்குமார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சிவா, உன் தலையில நீயே மண்ணைப் போட்டுக்கிற?"

"கையுறை என் டிப்பார்ட்மென்ட்டுதுதான் சார்."

அவருக்கு ஒரு மெமோ கிடைத்தது. கார்மேகத்தின் வார்னிங் லெட்டர் ரத்தாகி, அவன் சொன்ன தேதிக்கு விமானம் ஏறினான். போகும் முன் அவர் செல்போனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினான்: தினம் பத்து நிமிஷம் ஒரே ஒரு சுரத்தை இழுத்து ஊதுங்க, பாட்டுக்கு அவசரப்படாதீங்க.

பொங்கல் விழாவில் கடவுள் வாழ்த்தை அவர் வாசித்தார். ஐந்து நிமிடம் என்று வாக்குக் கொடுத்தவர் மூன்றே நிமிடத்தில் முடித்துக்கொண்டார். இரண்டாவது வரியில் ஒரு கீச்சு கிளம்பி, முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. அவர் நிறுத்தினார், உதட்டைச் சரிசெய்தார், மூச்சை இழுத்து அந்த வரியைத் திரும்ப வாசித்தார். அது ஒழுங்காக வந்தது. கைதட்டல் சுமார்தான்; பாதிக் கூட்டம் அதற்குள் சாப்பாட்டு வரிசையில் நின்றுவிட்டது.

ஷ்ருதி எடுத்த வீடியோவைக் கார்மேகத்துக்கு அனுப்பிவைத்தார். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. "ரெண்டாவது வரியில பயந்துட்டீங்க சார். மத்தபடி மனுசன் வாசிச்ச மாதிரிதான் இருக்கு."

சிவசங்கரன் அதை நாலு முறை படித்தார். அப்புறம் அடுக்களைக்குப் போய், பிரபாவதிக்கு இரண்டாவது வாக்கியத்தை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டினார்.