பன்னிரண்டாம் கட்டில்

தென்றல் மருந்து சீசாக்களுக்குப் புது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பழைய லேபிள்கள் பழுப்பேறி மூலை சுருண்டிருந்தன. மருத்துவக் கல்லூரியில் இன்று அங்கீகார ஆய்வு. விடிந்ததும் வந்தவள் இன்னும் டீ குடிக்கவில்லை.

மருந்தியல் துறைத் தலைவர் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார். ஆய்வுக்கு மட்டும் வருகிறவர். "ஸ்டூடண்ட்ஸ் லேப் எந்தப் பக்கம்மா?" என்று அவளிடமே கேட்டார். காட்டினாள்.

பின்னாலேயே நிர்வாக அலுவலர் அப்பாதுரை வந்தார். "தென்றல் மேடம், அந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டிடுங்க. கமிட்டி கண்ணுல நீங்க படக் கூடாது."

"கிளாஸ் பூரா நான்தான சார் எடுக்கறேன்?"

"யாரு இல்லைன்னாங்க? நீங்க எம்.எஸ்ஸி. புது ரூல்ல எம்.டி. டாக்டருங்கதான் கணக்கு. உங்களைக் காட்டினா காலேஜுக்கே வம்பு."

மருத்துவ மருந்தியலில் மூன்று வருடப் பட்டமேற்படிப்பு. எம்.டி. மாணவர்களோடு அதே லேப், அதே புத்தகம். சொந்த ஊரான கீழ்பென்னாத்தூரில் அவளை டாக்டரம்மா என்பார்கள். அவளால் மருந்து எழுதித் தர முடியாது. மெடிக்கல் ஷாப் வைக்கவும் வேறு படிப்பு கேட்பார்கள். கூடப் படித்த தேவிப்ரியா சென்னையில், வெளிநாட்டு நோயாளிகளின் பக்கவிளைவுப் புகார்களை இரவெல்லாம் கம்ப்யூட்டரில் பதிகிறாள். கீர்த்தனா பெங்களூரில் மருந்துச் சோதனைக் கம்பெனியில் இருக்கிறாள். இருவரும் கூப்பிட்டார்கள். தென்றல் போகவில்லை. கரும்பலகை முன்னால் நிற்பதுதான் அவளுக்குப் பிடித்தது.

"இன்னொண்ணு மேடம்," அப்பாதுரை குரலைத் தாழ்த்தினார். "வேட்டவலத்துல ஆள் ஏத்திட்டு வந்த வேன் வழியில நின்னு போச்சு. லேடீஸ் வார்டுல ஆள் கம்மி. கொஞ்ச நேரம் பேஷண்ட் மாதிரி படுத்துக்கங்க."

"நானா?"

"படுத்தா, லேப் டெக்னீஷியனாவாவது வெச்சுக்கச் சொல்லி சேர்மன்கிட்ட நான் பேசறேன். இல்லன்னா இந்த மாசத்தோட சரி."

கோட்டைக் கழற்றி மடித்தாள். வார்டில் நர்ஸ் பொன்னி ஒரு நைட்டியைக் கொடுத்தாள். பன்னிரண்டாம் கட்டிலில் படுக்கவைத்து, சலைன் டியூபைப் புறங்கையில் பிளாஸ்டரால் ஒட்டினாள். "ஊசி இல்ல மேடம்," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள். ஆராயி. தென்றலின் அம்மா. வேர்க்கடலைக் கொல்லைகளில் கூலிக்குப் போகிறவள்.

"இன்னாடி இது? உனக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. நீ எங்கம்மா இங்க?"

"மல்லாட்ட புடுங்கற வேல முடிஞ்சிபோச்சி. சும்மா படுத்தா கூலியும் சோறும் தராங்கன்னு நம்ம ஊரே வேன்ல ஏறிச்சி. எம் பொண்ணு காலேஜாச்சே, நீ பாடம் நடத்தற எடத்தயும் பாத்தாப்புல ஆவும்னு வந்தேன்."

எதிர்க் கட்டிலில் வெள்ளையம்மாள் போர்வைக்குள்ளிருந்து சிரித்தாள். "டாக்டரம்மாவே படுத்துட்டா நமக்கு யாருடி ஊசி போடறது?" வார்டே சிரித்தது. பொன்னி வாயில் விரல் வைத்து அடக்கினாள். ஆராயி சிரிக்கவில்லை. மகளின் கையையும் சொட்டாத பாட்டிலையும் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

குழு வந்தது. கூடவே துறைத் தலைவரும் சில மாணவர்களும். ஆய்வாளர் பன்னிரண்டாம் கட்டில் முன்னால் நின்று, கண்ணில் பட்ட மாணவனைக் கேட்டார்: "இவங்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து போட்டிருக்கு. ஏன்? ஒரே தடவையா குடுத்தா என்ன?"

இரண்டாம் வருடத்து விமல்ராஜ். நோயாளியின் முகத்தைப் பார்த்ததும் தென்றல் மேடம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சுவரைப் பார்த்துப் பேசினான்.

"ஹாஃப் லைஃப் சார். உடம்புல மருந்து பாதியாக் குறையற நேரம். கிரிவலம் முடிஞ்சு பௌர்ணமிக் கூட்டம் பஸ் ஸ்டாண்டுல நிக்குது. ஒரு மணி நேரத்துல பாதிக் கூட்டம் ஊருக்குப் போயிடுது. அடுத்த மணி நேரத்துல மீதியில பாதி. இப்படியே கரைஞ்சு கடைசியில அஞ்சாறு பேர்தான். திரும்பக் கூட்டம் சேரணும்னா புதுசா பஸ் வந்து ஆள் எறங்கணும். அதுதான் சார் அடுத்த டோஸ்."

ஆய்வாளர் சிரித்துவிட்டார். "பிரமாதம்ப்பா. யார் இப்படிச் சொல்லித் தந்தது?"

ஆராயி தலையைத் தூக்கினாள். சாயங்காலங்களில் அடுப்புக்கு எதிர்ச் சுவரைப் பார்த்து மகள் பேசிப் பழகிய பாடம் அது. 'கூட்டமெல்லாம் பூட்டா அப்பறம் மருந்து எப்பிடி வேல செய்யும்?' என்று அவளே ஒருநாள் கேட்டாள். புது பஸ் அதற்குப் பிறகுதான் பாடத்தில் வந்தது.

"எங்க எச்.ஓ.டி. சார்தான் சார்," என்றான் விமல்ராஜ்.

துறைத் தலைவர் மெல்லத் தலையாட்டினார்.

ஆராயி முழங்கையை ஊன்றி எழுந்தாள். "ஐயா, அது வந்து..."

தென்றல் டியூப் ஒட்டிய கையை நீட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிளாஸ்டர் பிய்ந்து டியூப் தொங்கியது.

ஆய்வாளர் திரும்பினார். "என்னம்மா பண்ணுது?"

ஆராயி தன் மணிக்கட்டை இறுக்கிய விரல்களைப் பார்த்தாள்.

"தல சுத்துதுங்க."

"நல்லா கவனிச்சுக்கங்க," என்று துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டு ஆய்வாளர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். விமல்ராஜ் குனிந்த தலையோடு பின்னால் போனான்.

ஆராயி கட்டிலிலிருந்து இறங்கினாள். தொங்கிய டியூபை எடுத்து மகளின் புறங்கையில் வைத்தாள். மல்லாட்டைக் கறை ஏறிய கட்டைவிரலால் பிளாஸ்டரை, அது ஒட்டும்வரை, அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.